மதம் ஒன்றானால் வாக்கும் ஒன்றாக வேண்டுமா?

தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டதும் கட்சிகள் வேட்பாளர் பட்டியலை வெளியிடுகின்றன. அந்தப் பட்டியலை வாசிக்கும் ஒவ்வொரு சமூகமும் முதலில் தேடுவது தன்னவர் பெயர்களைத்தான். கிறிஸ்தவர்களும் இதற்கு விலக்கல்லர். நம்மவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்ப்பதும், தொகுதியில் நம்மவர் ஒருவர் நின்றால் அவரை ஆதரிப்பது கடமையல்லவா என்று ஆராதனை முடிந்து ஆலய முற்றத்தில் பேசிக்கொள்வதும் இயல்பாக நடப்பவை. இப்படிப் பேசிக்கொள்வதில் குற்றம் ஏதுமில்லை. ஆனால், அதற்குள் இருக்கும் கேள்வி எளிதானதன்று. ஒரு தலைவரும் நானும் ஒரே இறைவனை வணங்குகிறோம் என்பது, அவருக்கு நான் வாக்களிக்கப் போதுமான காரணமாகுமா?

சட்டத்தின் விடை ஓரளவு தெளிவானது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(3) பிரிவு, மதத்தின் பெயரால் வாக்குக் கேட்பதை முறைகேடான தேர்தல் நடவடிக்கையாகக் கருதுகிறது. இந்தத் தடை வேட்பாளரின் மதத்துக்கு மட்டுமன்றி வாக்காளரின் மதத்துக்கும் பொருந்தும் என்று உச்சநீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, நால்வர் பெரும்பான்மையுடன் 2017 ஜனவரி 2 அன்று தீர்ப்பளித்தது. எனினும், சட்டம் கட்டுப்படுத்துவது வாக்குக் கேட்பவரின் நாவைத்தான். வாக்களிப்பவரின் மனத்தை அன்று. மறைவிடத்துக்குள் நின்று பொத்தானை அழுத்தும் குடிமகன் எந்தக் காரணத்துக்காக அழுத்துகிறார் என்று எவரும் கேட்க முடியாது. ஆகவே, இது அவரவர் தமக்குத் தாமே விடை காண வேண்டிய கேள்வி.

குறுக்குவழியின் பொருளியல்

மதத்தைப் பார்த்து வாக்களிப்பவரை அறியாதவர் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால், அது நியாயமன்று. அமெரிக்கப் பொருளியலாளர் அந்தோணி டௌன்ஸ் 1957-இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு விளக்கம் உண்டு. லட்சக்கணக்கான வாக்குகளில் ஒருவருடைய ஒரு வாக்கு முடிவை மாற்றும் வாய்ப்பு மிகமிகக் குறைவு. அப்படியிருக்க, ஒவ்வொரு வேட்பாளரின் கொள்கையையும் கடந்த காலத்தையும் ஆராய்ந்து அறிவதற்கு நேரத்தையும் உழைப்பையும் செலவிட எவருக்கும் பெரிய ஊக்கம் இராது. எனவே, வாக்காளர் குறுக்குவழிகளை நாடுகிறார். கட்சிச் சின்னம் ஒரு குறுக்குவழி. சாதி மற்றொன்று. மதமும் அத்தகையதே. 'என்னைப் போன்று நம்புகிறவர் என்னைப் போன்றே நடந்துகொள்வார்' என்பது அதன் தர்க்கம்.

அன்றாட வாழ்வில் இந்தத் தர்க்கம் பல இடங்களில் பலித்திருக்கிறது. நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் கடல் கடந்து நடத்திய வட்டித் தொழில் தம் சமூகத்தவர் மீதான நம்பிக்கையில்தான் நின்றது. ஆனால், அந்த நம்பிக்கையைத் தாங்கி நின்றவை இரண்டு தூண்கள். ஒருவருடைய நாணயம் பற்றிய செய்தி சமூகத்துக்குள் விரைவாகப் பரவியது; நாணயம் தவறியவரிடம் பிறகு எவரும் வரவு செலவு வைத்துக்கொள்ள மாட்டார்கள். அதாவது, தகவலும் தண்டனையும் கைவசம் இருந்தன. ஒரே கோயிலில் வழிபட்டதால் மட்டும் எவரும் எவருக்கும் கடன் கொடுத்துவிடவில்லை.

அரசியல் தலைவரிடத்தில் இவ்விரு தூண்களும் பெரும்பாலும் இல்லை. கோட்டைக்குள் எந்தக் கோப்பில் அவர் கையொப்பமிடுகிறார் என்பது அவருடைய திருச்சபைக்குத் தெரியாது. தெரிந்தாலும், ஐந்தாண்டுக் காலத்துக்கு அவரை அசைக்க முடியாது. தகவலும் தண்டனையும் இல்லாத இடத்தில் மதம் வெறும் அடையாளமாகத்தான் எஞ்சுகிறது.

பின்னாளில் நோபல் பரிசு பெற்ற மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-இல் எழுதிய கட்டுரை ஒன்று இங்கே உதவும். வேலை தேடுபவரின் பட்டம் அவருடைய திறமைக்கு அறிகுறியாக ஏன் கொள்ளப்படுகிறது? திறமையற்றவருக்கு அதைப் பெறுவது கடினம் என்பதால்தான். எவரும் எளிதாகப் பெற்றுவிடக்கூடிய அறிகுறி எதையும் அறிவிக்காது. இதைத் தேர்தலுக்குப் பொருத்திப் பார்க்கலாம். நம்பிக்கைக்காகப் பதவியையோ பணத்தையோ பாதுகாப்பையோ இழந்த ஒருவரின் மதப்பற்று அவருடைய உறுதியைப் பற்றி ஏதோ ஒன்றைச் சொல்கிறது. அதற்கு அவர் விலை கொடுத்திருக்கிறார். மதப்பற்றைக் காட்டினால் வாக்கு கிடைக்கும் என்று ஆகிவிட்ட நாளில், அதைக் காட்டுவதற்கு விலை ஏதுமில்லை. மேடையில் ஒரு ஜெபம், கையில் ஒரு விவிலியம், ஆயரோடு ஒரு புகைப்படம் போதும். உண்மையாக நம்புகிறவரும் நடிக்கிறவரும் அதன் பிறகு ஒரே தோற்றத்தில்தான் தெரிவார்கள். மதத்துக்காக வாக்களிக்கும் பழக்கம், மதத்தை ஓர் அளவுகோலாகப் பயன்படுத்தும் வாய்ப்பையே அழித்துவிடுகிறது.

சாம்பியாவின் பாடம்

இதற்கு ஒரு நாட்டின் அனுபவமே சான்றாக இருக்கிறது. ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் உள்ள சாம்பியா 1964-இல் விடுதலை பெற்றது. விடுதலைப் போராட்டத் தலைவர் கென்னத் கவுண்டா 27 ஆண்டுகள் ஆட்சி செய்தார். அவரும் கிறிஸ்தவரே, கிறிஸ்தவப் போதகர் ஒருவரின் மகன். செம்பின் உலகச் சந்தை விலை சரிந்து, கடன் பெருகி, 1990-இல் மக்களின் அன்றாட உணவான மக்காச்சோள மாவின் விலை உயர்த்தப்பட்டபோது கலவரம் மூண்டது. ஒருகட்சி ஆட்சி முடிவுக்கு வந்து, 1991 அக்டோபர் 31 அன்று பல கட்சிகள் பங்கேற்ற தேர்தல் நடந்தது. தொழிற்சங்கத் தலைவர் பிரெடரிக் சிலுபா நான்கில் மூன்று பங்கு வாக்குகளைப் பெற்று வென்றார்.

வெற்றிக்குப் பொருளாதார நெருக்கடிதான் முதன்மைக் காரணம். ஆனால், மதமும் உடன் வந்தது. கவுண்டா கீழைநாட்டு ஆன்மிகத்தின் பக்கம் சாய்ந்துவிட்டார் என்ற பேச்சு சபைகளுக்குள் பரவியிருந்தது. சிலுபாவோ தம்மை மறுபிறப்படைந்த கிறிஸ்தவர் என்று வெளிப்படையாக அறிவித்துக்கொண்டவர். 1991 டிசம்பர் 29 அன்று அதிபர் மாளிகையில், சாம்பியா ஒரு கிறிஸ்தவ நாடு என்று அவர் பிரகடனம் செய்தார். பல சபைகளில் மகிழ்ச்சி கரைபுரண்டது.

பிறகு நடந்தவை கவனிக்கத்தக்கவை. 1996-இல் அரசமைப்புச் சட்டம் திருத்தப்பட்டது. கிறிஸ்தவ நாடு என்ற பிரகடனம் அதன் முகவுரையில் இடம்பெற்றது. அதே திருத்தத்தில், அதிபர் பதவிக்குப் போட்டியிடுபவரின் பெற்றோர் இருவரும் பிறப்பாலோ வம்சாவளியாலோ சாம்பியர்களாக இருக்க வேண்டும் என்ற விதியும் சேர்க்கப்பட்டது. கவுண்டாவின் பெற்றோர் அண்டை நாடான இன்றைய மலாவியிலிருந்து வந்தவர்கள். முன்னாள் அதிபர் மீண்டும் போட்டியிடும் வழி இவ்வாறு அடைக்கப்பட்டது. பக்தியும் சூழ்ச்சியும் ஒரே சட்டத் திருத்தத்துக்குள் அமர்ந்திருந்தன.

2001-இல், இருமுறைதான் பதவி வகிக்கலாம் என்ற வரம்பை மாற்றி மூன்றாம் முறையும் நிற்கச் சிலுபாவின் ஆதரவாளர்கள் முயன்றனர். அப்போது அதை எதிர்த்து நின்றவர்கள் யார்? கத்தோலிக்க ஆயர் பேரவை, புராட்டஸ்டன்ட் சபைகளின் மன்றம், சுவிசேஷ சபைகளின் கூட்டமைப்பு ஆகிய மூன்றும் வழக்கறிஞர் சங்கத்தோடும் மகளிர் அமைப்புகளோடும் கைகோத்து 'ஒயாசிஸ் மன்றம்' என்ற பெயரில் திரண்டன. 2001 மே மாதம் சிலுபா பின்வாங்கினார். பதவியிலிருந்து இறங்கிய பிறகு அவருக்கு இருந்த சட்டப் பாதுகாப்பை நாடாளுமன்றம் நீக்கியது. அரசுப் பணத்தில் சுமார் 4.6 கோடி டாலர் சதி செய்து எடுக்கப்பட்ட வழக்கில் அவரும் வேறு சிலரும் பொறுப்பாளிகள் என்று 2007-இல் லண்டன் உயர்நீதிமன்றம் உரிமையியல் வழக்கில் தீர்ப்பளித்தது. சாம்பியாவில் நடந்த குற்றவியல் வழக்கில் 2009-இல் அவர் விடுவிக்கப்பட்டார். 2011-இல் காலமானார்.

இந்த வரலாற்றில் இரண்டு வகைக் கிறிஸ்தவர்களைக் காண்கிறோம். தலைவர் நம்மவர் என்பதால் மகிழ்ந்தவர்கள் ஒரு வகை. நம்மவரேயாயினும் வரம்பு மீறக்கூடாது என்று தடுத்தவர்கள் மற்றொரு வகை. நாட்டின் அரசமைப்பைக் காத்தவர்கள் இரண்டாம் வகையினரே. அவர்களும் தங்கள் நம்பிக்கையின் பெயரால்தான் செயல்பட்டார்கள். ஆனால், அந்த நம்பிக்கையை ஆட்சியாளருக்குத் தரும் நற்சான்றாக அவர்கள் பயன்படுத்தவில்லை. ஆட்சியை அளக்கும் கோலாகப் பயன்படுத்தினார்கள்.

அளவுகோல் வளையும்போது

நல்ல அளவுகோல் கையில் இருந்தால் மட்டும் போதாது. அது வளையாமலும் இருக்க வேண்டும். அமெரிக்காவில் நடந்தது இதற்கு எடுத்துக்காட்டு. 1976-இல் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜிம்மி கார்ட்டர், ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்திய பாப்டிஸ்ட் கிறிஸ்தவர். நான்கே ஆண்டுகளில், 1980 தேர்தலில், சுவிசேஷக் கிறிஸ்தவத் தலைவர்கள் பலர் அவரை விட்டு விலகி, மணமுறிவு பெற்றவரும் திரைப்பட நடிகராக இருந்தவருமான ரொனால்டு ரீகனின் பின்னால் அணிவகுத்தனர். கொள்கை வேறுபாடே காரணம் என்றார்கள். அதில் ஒரு நேர்மை உண்டு. தலைவரின் பக்தியைவிட அவர் செய்யப்போவது என்ன என்பதைப் பார்ப்பதாக அவர்கள் சொன்னார்கள்.

ஆனால், பழகிப்போன அரசியல் சார்பு மெல்ல மெல்ல அளவுகோலையே மாற்றிவிடும். அந்நாட்டின் பொதுச் சமய ஆய்வு நிறுவனம் ஒரு கேள்வியை இருமுறை கேட்டது. தனிவாழ்வில் ஒழுக்கம் தவறிய ஒருவர் பொதுவாழ்வில் நேர்மையாகக் கடமையாற்ற முடியுமா? 2011-இல் வெள்ளையினச் சுவிசேஷக் கிறிஸ்தவர்களில் 30 விழுக்காட்டினர்தான் முடியும் என்றனர். டொனால்டு டிரம்ப் போட்டியிட்ட 2016-இல் அதே பிரிவினரில் 72 விழுக்காட்டினர் முடியும் என்றனர். ஐந்தாண்டுகளில் விவிலியம் மாறிவிடவில்லை, வேட்பாளர்தான் மாறியிருந்தார். நம்பிக்கையைக் கொண்டு தலைவரை அளப்பதாக எண்ணிக்கொண்டவர்கள், தலைவரைக் கொண்டு நம்பிக்கையை அளக்கத் தொடங்கியிருந்தார்கள்.

அதே நாட்டில், அதே விவிலியத்தை வாசிக்கும் கறுப்பினப் புராட்டஸ்டன்டுகளில் மிகப் பெரும்பான்மையினர் எதிரணிக்கு வாக்களித்தார்கள். அடிமை முறையும் நிறவெறியும் நிறைந்த வரலாறு அவர்களுக்கு வேறு கேள்விகளைக் கற்றுக்கொடுத்திருந்தது. 'கிறிஸ்தவ வாக்கு' என்று ஒற்றைச் சொல்லால் குறிக்கப்படுவதற்குள் எத்தனை வாழ்க்கைகள் அடங்கியிருக்கின்றன என்பதை இது காட்டுகிறது.

நம் நாட்டிலும் அப்படித்தான். கரையோரத்தில் வாழும் கத்தோலிக்க மீனவருக்கு டீசல் மானியமும் தூண்டில் வளைவும் புயல் எச்சரிக்கையும் உயிர்ப் பிரச்னைகள். உள்நாட்டில் ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் கிறிஸ்தவருக்கு இறக்குமதி வரி முக்கியம். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையால் பட்டியலினத் தகுதி பெறாமலிருக்கும் தலித் கிறிஸ்தவருக்கு அதுதான் முதன்மையான கோரிக்கை. சீக்கிய, பௌத்தத் தலித்துகளுக்கு 1956-இலும் 1990-இலும் கிடைத்தது அவருக்கு இன்னும் கிடைக்கவில்லை. வேட்பாளர் கிறிஸ்தவர் என்ற ஒரே செய்தியிலிருந்து இம்மூவரில் எவரும் தமக்கான விடையைப் பெற முடியாது. சில வேளைகளில், 'நம்மவர்' என்ற சொல்லே சபைக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வுகளை மூடிமறைக்கும் போர்வையாகிவிடுவதும் உண்டு.

1949-இல் கிடைத்த விடை

இந்தியக் கிறிஸ்தவர்கள் இந்தக் கேள்வியைப் புதிதாகச் சந்திக்கவில்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் சென்னை மாகாணத்தில் அவர்களுக்குத் தனித்தொகுதிகளே இருந்தன. 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசாங்கச் சட்டப்படி மாகாணச் சட்டப்பேரவையின் 215 இடங்களில் 8 இடங்கள் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு உரியவை. கிறிஸ்தவர்கள் கிறிஸ்தவரையே தேர்ந்தெடுப்பார்கள் என்பது அங்கே விருப்பமாக அன்றி விதியாகவே இருந்தது.

அந்த விதியைப் பற்றித் தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே இருவேறு கருத்துகள் நிலவின. நீதிக்கட்சித் தலைவர் ஏ.டி. பன்னீர்செல்வம் 1931-இல் இரண்டாம் வட்டமேசை மாநாட்டின்போது, தனித்தொகுதி கோரிய சிறுபான்மையினர் உடன்படிக்கையில் இந்தியக் கிறிஸ்தவர்கள் சார்பில் கையெழுத்திட்டார். சேலத்தில் பிறந்த கே.டி. பால், முதல் வட்டமேசை மாநாட்டில் கலந்துகொண்டவர். தனித்தொகுதி கிறிஸ்தவர்களை நாட்டின் பொதுவாழ்விலிருந்து பிரித்துவிடும் என்று கருதியவர். இருவரும் சமூகத்தின் நலனையே நாடினார்கள். வழிகள்தாம் வேறுபட்டன.

அரசியல் நிர்ணய சபையில் இந்த விவாதம் முடிவுக்கு வந்தது. 1949 மே மாதம், சர்தார் வல்லபபாய் படேல் தலைமையிலான சிறுபான்மையினர் ஆலோசனைக் குழுவில், மதச் சிறுபான்மையினருக்கான சட்டமன்ற இடஒதுக்கீட்டைக் கைவிடும் தீர்மானத்தை முன்மொழிந்தவர் எச்.சி. முகர்ஜி. அவர் வங்கக் கிறிஸ்தவர். நிர்ணய சபையின் துணைத் தலைவர். சென்னையிலிருந்து சென்ற இயேசு சபைத் துறவி ஜெரோம் டிசோசாவும் இம்முடிவை ஆதரித்தார். கைவசம் இருந்த ஒரு பாதுகாப்பை ஒரு சிறுபான்மைச் சமூகத்தின் தலைவர்களே முன்வந்து விட்டுக்கொடுத்தது உலக வரலாற்றில் அடிக்கடி நிகழ்வதன்று.

அதை வெறும் பெருந்தன்மை என்று நான் கருதவில்லை. அதில் ஒரு கணக்கும் இருந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்திய மக்களில் கிறிஸ்தவர்கள் 2.3 விழுக்காடு, தமிழ்நாட்டில் 6.12 விழுக்காடு. கன்னியாகுமரி மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 47 விழுக்காடு. 'அவரவர் தம் மதத்தவருக்கே வாக்களிக்க வேண்டும்' என்பதைப் பொது நெறியாக எல்லோரும் ஏற்றுக்கொண்டால், தமிழ்நாட்டின் மிகப் பெரும்பாலான தொகுதிகளில் கிறிஸ்தவர் ஒருவர் வெல்லவே முடியாது. இன்று வெல்கிறார்கள் என்றால், இந்துக்களும் முஸ்லிம்களும் மதம் பாராமல் வாக்களிப்பதால்தான். பிறர் தனக்குச் செய்ய வேண்டும் என்று ஒருவர் விரும்புவதை அவரும் பிறருக்குச் செய்ய வேண்டும் என்பது கிறிஸ்தவ அறநெறியின் அடிப்படை. பிறரிடம் மதம் பாராத வாக்கை எதிர்பார்க்கும் சமூகம், தன் வாக்கை மட்டும் மதம் பார்த்து அளிப்பது அறத்துக்கும் பொருந்தாது, கணக்குக்கும் பொருந்தாது.

கன்னியாகுமரி மக்கள் இதை ஒருமுறை செய்து காட்டினார்கள். 1967 தேர்தலில் விருதுநகரில் தோற்றிருந்த காமராஜர், மார்ஷல் நேசமணியின் மறைவால் 1969-இல் நடந்த நாகர்கோவில் மக்களவை இடைத்தேர்தலில் நின்றார். எதிர்த்து நின்றவர் திமுக ஆதரவு பெற்ற சுதந்திரா கட்சி வேட்பாளர் டாக்டர் மத்தியாஸ், கிறிஸ்தவர். கிறிஸ்தவர்கள் பெருந்தொகையினராக வாழும் அத்தொகுதி, காமராஜரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் வெற்றிபெறச் செய்தது. சாதி, கட்சிப்பற்று போன்ற காரணங்களும் அந்த முடிவில் கலந்திருக்கும். ஆயினும், மதம் ஒன்று என்பதால் வாக்கும் ஒன்றாகிவிடும் என்ற கணிப்பு அங்கே பொய்த்தது.

எல்லோரும் நம்மவரே என்றால்?

வேட்பாளர்கள் அனைவருமே கிறிஸ்தவர்கள் என்றால் என்ன ஆகும்? மிஸோரமும் நாகாலாந்தும் இதற்கு விடை தருகின்றன. இரு மாநிலங்களிலும் மக்களில் 87 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் கிறிஸ்தவர்கள். அங்கே மதம் ஒரு வேட்பாளரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக்காட்டாது. ஆகவே, சபைகள் வேறு கேள்விகளைக் கேட்க வேண்டியதாயிற்று.

நாகாலாந்தில் பாப்டிஸ்ட் சபைகளின் பேரவை, வாக்குக்குப் பணம் பெறாதீர், ஒருவர் வாக்கை மற்றொருவர் இடாதீர் என்று தூய தேர்தலுக்கான இயக்கம் நடத்துகிறது. பெரும்பாலும் கிறிஸ்தவர்களே வேட்பாளர்களாகவும் வாக்காளர்களாகவும் உள்ள மாநிலத்தில் இப்படி ஓர் இயக்கம் தேவைப்பட்டது என்பதே, மத ஒற்றுமை நேர்மைக்கு உறுதியளிக்காது என்பதற்குச் சான்று. மிஸோரமில் சபைகளின் முன்முயற்சியால் 2006-இல் 'மிஸோரம் மக்கள் மன்றம்' உருவானது. விருந்து வைப்பது, ஆடம்பரப் பிரசாரம் போன்றவற்றைத் தவிர்ப்பதாகக் கட்சிகளுடன் அது உடன்பாடு செய்துகொள்கிறது. ஒரு தொகுதியின் வேட்பாளர்கள் அனைவரும் ஒரே மேடையில் மக்கள் முன் பேச ஏற்பாடு செய்கிறது. யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்று அது சொல்வதில்லை. அந்த மாநில மக்களும் 2018-இல் காங்கிரஸையும், 2023-இல் மிஸோ தேசிய முன்னணியையும் ஆட்சியிலிருந்து இறக்கினார்கள். இறங்கியவர்களும் ஏறியவர்களும் கிறிஸ்தவர்களே. மக்கள் பார்த்தது ஆட்சியை.

இவ்விடத்தில் ஒரு நியாயமான மறுப்பு எழும். 'அச்சுறுத்தலுக்கு ஆளாகும் சிறுபான்மையினர் தம் குரலை ஒலிக்கத் தம்மவர் ஒருவர் அவையில் வேண்டும் என்று நினைப்பது தவறா?' தவறன்று. அமெரிக்காவில் 1960-இல் கத்தோலிக்கரான ஜான் கென்னடி நின்றபோது, அவர் போப்பின் கட்டளைக்குப் பணிவார் என்று புராட்டஸ்டன்டுகள் பலர் ஐயுற்றனர். ஹூஸ்டன் நகரில் போதகர்கள் முன்னிலையில் அவர் விளக்கம் அளிக்க வேண்டியிருந்தது. அந்தத் தேர்தலில் கத்தோலிக்கரில் சுமார் 78 விழுக்காட்டினர் அவருக்கு வாக்களித்தனர். 60 ஆண்டுகளுக்குப் பிறகு, 2020-இல், இரண்டாம் கத்தோலிக்க அதிபராக ஜோ பைடன் வென்றபோது கத்தோலிக்க வாக்குகள் ஏறத்தாழ இரு சம பாதிகளாகப் பிரிந்தன. கதவு அடைக்கப்பட்டிருந்தபோது அவர்கள் ஒன்றாகத் தள்ளினார்கள். திறந்த பிறகு அவரவர் வழியில் நடந்தார்கள்.

ஆகவே, அவையில் இடம் வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. அதை முன்வைக்க வேண்டிய இடம் கட்சிகளின் வேட்பாளர் தேர்வு. எல்லாக் கட்சிகளும் எல்லாச் சமூகத்தவருக்கும் வாய்ப்பளிக்க வேண்டும் என்று கேட்பது ஒன்று. வாய்ப்பளிக்கப்பட்டவர் எத்தகையவராயினும் ஆதரிப்போம் என்று உறுதிகூறுவது வேறொன்று. முன்னது உரிமை, பின்னது அடிமை முறி. பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் எழுதிய நூலில் காட்டியதைப் போல, விலகிச் செல்ல மாட்டார் என்று உறுதியாகத் தெரிந்த வாடிக்கையாளரின் முறையீட்டுக்கு நிறுவனங்கள் செவிகொடுப்பதில்லை. வாக்குக்கும் இது பொருந்தும். எப்படியும் நமக்குத்தான் என்று ஒரு கட்சியும், எப்படியும் நமக்கில்லை என்று எதிர்க்கட்சியும் முடிவு செய்துவிட்ட வாக்குக்கு இருவரிடமும் மதிப்பில்லை. பாதுகாப்பு தேவைப்படும் சமூகத்துக்கு இதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை.

நம்பிக்கையைப் பூட்டிவைத்துவிட்டு வாக்குச்சாவடிக்குச் செல்லுங்கள் என்று எவரிடமும் சொல்வதற்கில்லை. அது இயலாதது, தேவையுமில்லை. ஏழைக்கு நீதி, அந்நியருக்கு அடைக்கலம், கூலியை முறையாகக் கொடுத்தல், பொய்ச்சாட்சி கூறாமை ஆகியவற்றை ஒருவர் தம் மறைநூலிலிருந்து கற்றிருந்தால், அவற்றைக் கொண்டு ஆட்சியை அளப்பது அவர் கடமை. விவிலியமே இதற்கு வழிகாட்டுகிறது. யூதர்களைப் பாபிலோனிய அடிமைத்தனத்திலிருந்து விடுவித்ததற்காக அங்கே புகழப்படுபவர், அவர்களுடைய மதத்தைச் சேராத பாரசீக மன்னர் சைரஸ். நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைக் கொலை செய்து அபகரித்ததற்காகக் கண்டிக்கப்படுபவர், இஸ்ரயேலின் சொந்த மன்னர் ஆகாப். கண்டித்தவர் அதே இனத்தின் இறைவாக்கினர் எலியா. மன்னர் நம்மவர் என்று அவர் மௌனம் காக்கவில்லை.

எனவே, வேட்பாளர் எந்த ஆலயத்துக்குச் செல்கிறார் என்று கேட்பதற்கு முன் வேறு சில கேள்விகளைக் கேட்கலாம். அவருடைய சொத்துக் கணக்கும் வழக்கு விவரங்களும் வேட்புமனுவோடு இணைந்த உறுதிமொழிப் பத்திரத்தில் என்ன சொல்கின்றன? முன்பு பதவியில் இருந்தவராயின், தொகுதி மேம்பாட்டு நிதியை எதற்குச் செலவிட்டார்? தம்மவர் அல்லாதார் பாதிக்கப்பட்டபோது அவர்களுக்காகக் குரல் கொடுத்தாரா? தம் கட்சி தவறு செய்தபோது ஒருமுறையேனும் மறுத்துப் பேசினாரா? வாக்குக்குப் பணம் கொடுக்க அவர் ஆட்கள் வருகிறார்களா?

இக்கேள்விகளுக்குக் கிறிஸ்தவ வேட்பாளர் நல்ல விடை தந்தால் அவருக்கே வாக்களிக்கலாம். இந்துவோ, முஸ்லிமோ, இறைமறுப்பாளரோ நல்ல விடை தந்தால் அவருக்கு வாக்களிப்பதால் எவருடைய நம்பிக்கைக்கும் குறை நேராது. 1949-இல் எச்.சி. முகர்ஜியும் ஜெரோம் டிசோசாவும் ஒதுக்கப்பட்ட இடங்களைத் துறந்தது, தம் சமூகம் இப்படி வாக்களிக்கும், பிற சமூகங்களும் இப்படியே வாக்களிக்கும் என்ற நம்பிக்கையில்தான். அந்த நம்பிக்கையின் ஒரு பாதியைக் காப்பாற்றும் பொறுப்பு ஒவ்வொரு கிறிஸ்தவ வாக்காளரிடமும் இருக்கிறது. மறுபாதி மற்ற நம் அனைவரிடமும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).